சரக்கு கப்பலேறும் முன்பே பெயரைப் பதியுங்கள்

“உலக வர்த்தக அமைப்பில் நாமும் இருக்கிறோம், அவர்களும் இருக்கிறார்கள். பிராண்டை இங்கே பதிந்தாயிற்று. அப்புறம் என்ன பயம்?” ஏற்றுமதியில் புதிதாக இறங்குகிறவர்கள் என்னிடம் இப்படித்தான் கேட்கிறார்கள். வணிகமுத்திரை வழக்கறிஞராக நான் முதலில் சொல்வது, இங்கே வாங்கிய பதிவு எல்லை தாண்டாது என்பதைத்தான்.

உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான ட்ரிப்ஸ், 1995 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது; அது கட்டுப்படுத்துவது அரசுகளை. கண்டுபிடிப்புக்கான காப்புரிமைக்கு (பேட்டன்ட்) விண்ணப்பித்த நாளிலிருந்து குறைந்தது 20 ஆண்டுப் பாதுகாப்பு வேண்டும், வெளிநாட்டவரைச் சொந்த நாட்டவருக்கு ஒரு படி கீழே வைக்கக் கூடாது என்றெல்லாம் அது விதிக்கிறது. ஆனால் சரக்கு போகும் நாட்டில் விண்ணப்பம் போட வேண்டியது நீங்கள்தான். பதிப்புரிமைக்கு மட்டும் பதிவு தேவையில்லை.

பெயரைப் பறிப்பவர் போட்டியாளராகத்தான் இருப்பார் என்று பலரும் நினைக்கிறார்கள். என்னிடம் வரும் கோப்புகளில் பெரும்பாலும் அது சொந்த விநியோகஸ்தர். முதல் சரக்கு போய் இறங்கியதுமே பிராண்டைத் தன் பெயரில் பதிந்துவிடுகிறார். விநியோகத்தை வேறொருவருக்கு மாற்றும்போதுதான் விஷயம் வெளியே வரும். உங்கள் சரக்கையே போலி என்று சொல்லித் துறைமுகத்தில் நிறுத்தப் பார்ப்பார்! உங்கள் அனுமதியில்லாமல் முகவர் பதிந்ததை ரத்து செய்யக் கேட்க, வணிகமுத்திரை, காப்புரிமை போன்றவற்றுக்கான சர்வதேச ஒப்பந்தமான பாரிஸ் உடன்படிக்கையில் வழி உண்டு. ஆனால் அவர் உங்கள் முகவர்தான் என்று காட்டக் காகிதம் வேண்டும். வாய்ப்பேச்சிலேயே நடந்த வியாபாரம் என்றால் மிகவும் கஷ்டம். ‘பிராண்ட் எங்களுடையது, விநியோகஸ்தர் தன் பெயரில் பதியக் கூடாது’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அதே உடன்படிக்கை ஒரு நல்ல சலுகையும் தருகிறது. முதல் நாட்டில் வணிகமுத்திரைக்கு விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் மற்ற உறுப்பு நாடுகளில் விண்ணப்பித்தால், அங்கேயும் பழைய தேதியே முன்னுரிமைத் தேதியாகக் கணக்கில் வரும். இடையில் வேறொருவர் போட்ட விண்ணப்பம் உங்களுக்குப் பின்னால்தான் நிற்கும். காப்புரிமைக்கு இந்தக் கெடு 12 மாதம்.

சரி, போலிச் சரக்கு நிஜமாகவே வந்து இறங்கினால்? அந்த நாட்டுச் சுங்கத்துறையிடம் எழுதிக் கொடுத்து நிறுத்தி வைக்கலாம். நிறுத்தியதாக உங்களுக்குத் தகவல் வந்ததிலிருந்து 10 வேலை நாளுக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு 10 வேலை நாள் நீட்டிப்பார்கள், அவ்வளவுதான். அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் சரக்கு சந்தைக்குப் போய்விடும். அந்த நேரத்தில் பதிவுச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. சான்றிதழின் நகல், உள்ளூர் வழக்கறிஞருக்கான அதிகாரப் பத்திரம், அசல் பெட்டியையும் லேபிளையும் அருகில் வைத்து எடுத்த படங்கள், அச்சில் போலிக்காரர்கள் வழக்கமாகத் தவறவிடும் இடங்கள் பற்றிய குறிப்பு என்று எல்லாம் ஒரே கோப்பில், ஏற்றுமதி செய்யும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகத் தயாராக இருக்கட்டும்.