எமரிக்குத் தமிழ் என்ன? குருந்தம், அராவுதல், மெருகு

ஹார்டுவேர் கடையில் எமரி என்று கேட்டால், பின்புறம் துணி வைத்த கருஞ்சாம்பல் நிறச் சுருளிலிருந்து வேண்டிய நீளம் கிழித்துத் தருவார்கள். தாளாகவும் கிடைக்கும். மரத்துக்கு உப்புத்தாள், இரும்புக்கு எமரி, கார் பெயின்டுக்கு வாட்டர் பேப்பர் என்று கடைக்காரர் மூன்றையும் தனித்தனியாக வைத்திருப்பார். இவற்றுக்குத் தமிழ் என்ன என்று கேட்டால் மட்டும் 'மணல்தாள்' என்று ஒரே பதில் வந்து விழுகிறது. ஆங்கிலப் பெயரை வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்த சொல் அது. எமரியில் மணல் கிடையாது. மணல் இருந்தால் அது எஃகில் ஒழுங்காக வேலையும் செய்யாது.

எமரி என்பது ஒரு பாறை. அலுமினிய ஆக்சைடின் படிகமும் மேக்னடைட் என்ற இரும்புத் தாதும் நுண்மணிகளாகப் பின்னிக் கிடக்கும் கரும்பாறை. தேய்க்கும் வேலையைச் செய்வது அந்தப் படிகம்தான். ஃபிரெடரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் வைரத்துக்கு 10, இந்தப் படிகத்துக்கு 9. ஆற்றுமணலில் உள்ள குவார்ட்ஸுக்கு 7. கடினமாக்கிய எஃகும் அந்த 7ஐ ஒட்டியே நிற்கும் என்பதால், மணலைக் கொண்டு எஃகைத் தேய்த்தால் எஃகுக்கு முன்னால் மணல் மழுங்கிவிடும்.

எமரி என்ற பெயர் நமக்கு ஆங்கிலம் வழியாக வந்தது. மூலம் கிரேக்கம். கிரேக்கத்தின் நக்சோஸ் தீவில் இந்தக் கல் பழங்காலத்திலிருந்தே வெட்டப்பட்டுவருகிறது. மணிகளைச் செதுக்குவோர் தேய்க்கப் பயன்படுத்தும் 'ஸ்மிரிஸ்' என்று முதல் நூற்றாண்டு மருத்துவர் டயோஸ்கோரிடிஸ் குறிப்பிடுவது இதைத்தான். இத்தாலியில் அது ஸ்மெரில்யோ ஆயிற்று. பிரெஞ்சில் எஸ்மெரில் ஆகி, பிறகு நடுவிலிருந்த 'ஸ்' உதிர்ந்து எமெரி ஆயிற்று. ஆங்கிலம் அங்கிருந்து எடுத்துக்கொண்டது.

அந்தப் பாறைக்குள் வேலை செய்யும் படிகத்தின் பெயர் வந்த வழி வேறு. அறிவியல் அதைக் 'கொரண்டம்' என்கிறது. ஆங்கில அகராதியைத் திறந்தால் அந்தச் சொல்லுக்கு மூலமாகத் தமிழின் 'குருந்தம்' காட்டப்பட்டிருக்கும். அதன் உறவாகச் சமஸ்கிருதத்தின் குருவிந்தமும் பக்கத்தில் இருக்கும். ஐரோப்பாவுக்கு இந்தக் கல் இந்தியாவிலிருந்து போனது. பெயரும் கூடவே போனது. ஆங்கிலேயக் கனிமச் சேகரிப்பாளர் சார்லஸ் கிரெவில் 1798இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 'ஆசியாவிலிருந்து வந்த கொரண்டக் கல்' பற்றிக் கட்டுரை எழுதினார். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் குருந்தப் படிகங்கள் இன்றும் உண்டு. நம் சொல்லே ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருக்கும்போது, சில அறிவியல் கட்டுரைகள் அதை அடையாளம் தெரியாமல் 'கொரண்டம்', 'கொருண்டம்' என்று ஒலிபெயர்த்துக்கொண்டிருக்கின்றன. சமஸ்கிருத உறவு இருப்பதால் தூய தமிழ் என்று மார்தட்ட வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்காரரை விருந்தாளியாக உட்கார வைக்கவும் வேண்டியதில்லை.

மாணிக்கமும் நீலமும் இதே குருந்தம்தான். கொஞ்சம் குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மாணிக்க வகைகளை 'பதுமமும் நீலமும் விந்தமும் படிதமும்' என்று அடுக்குகிறது. அதிலுள்ள விந்தத்தைக் குருவிந்தம் என்று கொள்வார்கள். நிறமும் தெளிவும் உள்ள கல் நகைக்குப் போயிற்று. மங்கலான கல் பொடியாகித் தேய்க்கும் வேலைக்குப் போயிற்று. மணிக்கல் தீட்டுவோர் குருந்தப் பொடியை உருக்கிய அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்வது இந்தியாவில் பழைய வழக்கம். குருந்தம் என்றதும் திருப்பெருந்துறையும் மாணிக்கவாசகரும் நினைவுக்கு வருகிறவர்கள் உண்டு. அது குருந்த மரம். காட்டு எலுமிச்சை வகை. அதற்கும் இந்தக் கல்லுக்கும் சம்பந்தமில்லை.

இப்போது கடையில் எமரி என்று விற்பதில் பெரும்பாலும் நக்சோஸ் பாறையும் கிடையாது. பாக்சைட் என்ற அலுமினியத் தாதை மின்உலையில் உருக்கி எடுத்த அலுமினிய ஆக்சைடு மணிகளைத் துணியிலும் தாளிலும் ஒட்டுகிறார்கள். வேதியியல்படி அது செயற்கைக் குருந்தம். ஆகவே சரக்குக்கு எமரி என்ற பெயரைவிடக் குருந்தத்தாள் என்ற பெயரே அதிகம் பொருந்துகிறது. மொழிப்பற்றை ஒதுக்கிவைத்துவிட்டு வெறும் பொருளை மட்டும் பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வர வேண்டும்.

வாட்டர் பேப்பர் மட்டும் விதிவிலக்கு. அதில் ஒட்டியிருப்பது சிலிக்கான் கார்பைடு. 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சூடாக்கியபோது மின்னும் படிகங்கள் கிடைத்தன. கார்பனும் குருந்தமும் சேர்ந்த பொருள் என்று நினைத்து 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். அது வேறு பொருள் என்று தெரிந்த பிறகும் பெயர் நிலைத்துவிட்டது. பாதித் தமிழான அந்தப் பெயரைத் தாங்கி 1954இல் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் தொடங்கியது. தேய்ப்புப் பொருள் தயாரிப்பதுதான் அதன் தொழில்.

உப்புத்தாளை நான் மாற்றச் சொல்ல மாட்டேன். தச்சரும் பெயின்டரும் நாள்தோறும் சொல்லும் சொல் அது. விரலால் தடவினால் கல்லுப்பை நுணுக்கித் தூவியதுபோல் நெறுநெறுக்கிறது. பெயருக்கு வேறு நியாயம் தேட வேண்டியதில்லை.

இனி வினைச்சொற்கள். இங்குதான் குழப்பம் அதிகம். உலோகத்தைக் கையால் வழவழப்பாக்கும் வேலை முழுவதையும் 'பாலிஷ் போடுவது' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். உண்மையில் அதில் மூன்று வேலைகள் இருக்கின்றன. தமிழில் மூன்றுக்கும் சொல் உண்டு.

முதல் வேலை அராவுதல். அரத்தால் செய்வது அராவுதல்; பெயரும் வினையும் ஒரே வேர். 'அரம்பொருத பொன்போலத் தேயும்' என்ற குறள் (888) உட்பகை கொண்ட குடியைச் சொல்ல எடுத்துக்கொண்ட உவமை இந்தப் பட்டறை வேலைதான். அங்கே பொன் என்பதற்கு இரும்பு என்று உரை சொல்வார்கள். ஐடிஐ ஃபிட்டர் பிரிவில் இன்றும் பயிற்சி அரத்திலிருந்து தொடங்குகிறது. அரத்தின் பற்களில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டு அராவினால் இரும்புத்துகள் பற்களுக்கிடையே அடைத்துக்கொள்ளாது. அடைத்த துகளோடு அராவினால் பரப்பில் ஆழமான கோடு விழும். அந்த ஒரு கோட்டை எடுக்கச் சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் இறக்க வேண்டும்.

இரண்டாவது தேய்த்தல். குருந்தத்தாளின் வேலை இது. தாளைத் தட்டையான கட்டையில் சுற்றிப் பிடிக்க வேண்டும். வெறும் விரலால் அழுத்தினால் விரல் பட்ட இடம் குழியும், விளிம்புகள் மழுங்கும். தாளின் எண் ஏற ஏற மணி சிறுக்கும். 120இல் தொடங்கி 220, 400, 600 என்று போகலாம். 120இல் நெடுக்காகத் தேய்த்தால் 220இல் குறுக்காகத் தேய்க்க வேண்டும். குறுக்குக் கோடுகளுக்கு நடுவே பழைய நெடுக்குக் கோடு ஒன்றுகூடத் தெரியாதபோதுதான் அடுத்த தாளை எடுக்கலாம். விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் மிச்சமிருக்கும் கோடு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தாள் மாற்றும்போதெல்லாம் பரப்பையும் கையையும் துடைக்க வேண்டும். 120இன் மணி ஒன்று 600இன் அடியில் சிக்கினால் அதுவரை செய்த வேலை போயிற்று. பொறியியல் கல்லூரிகளின் உலோகவியல் ஆய்வகத்திலும் நுண்ணோக்கிக்கு மாதிரி தயார் செய்ய இதே முறைதான்.

மூன்றாவது மெருகேற்றுதல். 2000 எண் தாளின் மணிகூடச் சுமார் 10 மைக்ரான் அளவு இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒளியின் அலைநீளமோ 1 மைக்ரானுக்கும் குறைவு. பரப்பிலுள்ள கோடுகள் அதைவிட நுண்மையாகும் வரை முகம் தெளிவாகத் தெரியாது. அதனால் தாளை வைத்துவிட்டுத் துணிக்கும் பசைக்கும் போக வேண்டும். பச்சை நிறக் கட்டியாக விற்பது குரோமியம் ஆக்சைடு; நகை வேலையில் பயன்படும் சிவப்புப் பொடி இரும்பு ஆக்சைடு. சுவாமிமலைச் சிற்பிகள் வார்த்தெடுத்த சிலையை அரத்தாலும் உளியாலும் செதுக்கித் தாளால் தேய்த்த பிறகு புளியும் பூந்திக்கொட்டையும் கொண்டு துலக்குகிறார்கள். புளியின் அமிலம் பரப்பில் படிந்த ஆக்சைடைக் கரைக்கிறது. வீட்டில் பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடுவதும் இதற்குத்தான். அது அழுக்கை நீக்கும், கீறலை நீக்காது. அந்த வேலைக்குத் துலக்குதல், விளக்குதல் என்ற சொற்கள் இருக்கின்றன. மெருகேற்றுதல் அதற்கு அப்பால் உள்ள வேலை.

சாணை பிடித்தல் இந்த மூன்றிலும் சேராது. அது கூர் ஏற்றுவது. 'கத்திக்குச் சாணை பிடித்துப் பளபளப்பாக்கினான்' என்று எழுதினால் இரண்டு வேலைகளை ஒன்றாக்கிய பிழை. பட்டை தீட்டுதல் மணிக்கல்லுக்கு உரியது. இயந்திரத்தில் துணிச்சக்கரம் சுழலவிட்டுச் செய்யும் பஃபிங்குக்கும் தனிச்சொல் தேட வேண்டாம். சக்கரத்தில் மெருகேற்றுதல் என்றால் போதும்.

செய்முறைக் குறிப்பு எழுதுகிறவர் இப்படி எழுதலாம்: 'பரப்பை அரத்தால் மட்டமாக அராவவும். 120 முதல் 600 வரை குருந்தத்தாளால், ஒவ்வொரு முறையும் திசை மாற்றித் தேய்க்கவும். பிறகு மெருகுப்பசையைத் துணியில் தடவி மெருகேற்றவும்.' தாளை வாங்கக் கடைக்குப் போகும்போது மட்டும், இன்றைய நிலவரப்படி, எமரி என்றே கேளுங்கள்.