யாருக்கு முறை இல்லை? ‘இன்ஃபார்மல்’ என்ற சொல்லும் அதற்கு நாம் சூட்டிய தமிழும்

குடியாத்தத்தில் போன மாதம் ஒரு கூட்டம். வட ஆற்காட்டு வட்டாரத்தின் வேலை, வீடு, மருத்துவம் பற்றிப் பொருளியல் ஆய்வாளர் ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் பீடி சுற்றும் பெண்கள். அவர்களுக்காக நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தார்கள். முதல் பக்கத்தில் ‘முறைசாரா தொழிலாளர்’. இரண்டாம் பக்கத்தில் ‘முறையற்ற குடியிருப்புகள்’. மூன்றாம் பக்கத்தில் ‘முறைசாரா மருத்துவர்கள்’. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி, “என்ன தம்பி, முறையற்ற குடியிருப்பு என்று போட்டிருக்கிறார்களே, எங்கள் தெருவில் அப்படி என்ன நடந்துவிட்டது?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு பேச்சு என் காதில் ஏறவில்லை. ‘முறையற்ற’ என்றால் தமிழில் என்ன பொருள் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, மொழிபெயர்த்தவருக்குத் தெரியவில்லை. முறையற்ற உறவு என்போம், முறையற்ற பேச்சு என்போம், முறைகெட்டவன் என்று திட்டுவோம். முப்பது ஆண்டுகளாக ஓலைக்கு ஓடும் ஓட்டுக்கு ஓலையுமாக மாற்றி மாற்றி ஒரே இடத்தில் குடியிருக்கும் ஒருவரின் தெருவுக்கு இந்த அடைமொழியைக் கொடுத்துவிட்டு, கைதட்டிக் கலைந்து போகிறோம்.

இந்த மூன்று அடைமொழிகளுக்கும் மூலம் ‘இன்ஃபார்மல்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல். அதன் கதை நீளமானதல்ல. ‘ஃபார்மா’ என்ற லத்தீன் சொல்லுக்கு வடிவம், உருவம் என்று பொருள். அதிலிருந்து ‘ஃபார்மல்’, அதன் மறுதலையாக ‘இன்ஃபார்மல்’. பொருளியலுக்குள் இதைக் கொண்டுவந்தவர் கீத் ஹார்ட் என்ற மானிடவியலாளர். கானா நாட்டின் அக்ரா நகரத்தில் கூலியும் சிறுவியாபாரமுமாகப் பிழைத்தவர்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1973இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கென்யா அறிக்கை அந்தச் சொல்லை எடுத்தாண்டுவிட்டது. சொல்லின் உட்கிடை இதுதான்: அரசு வகுத்து வைத்திருக்கும் படிவத்துக்குள் அடங்காதது. நாம் நிரப்பிக் கொடுக்கும் ‘ஃபாரம்’ இருக்கிறதே, அதுவும் இதே வேர்தான். ஆக, இல்லாமல் போனது ஒரு காகிதம். வாழ்க்கையின் ஒழுங்கு அல்ல.

தமிழில் இதற்கு ‘முறைசாரா’ என்று யார் முதலில் எழுதினாரோ, அவர் ‘முறைசாராக் கல்வி’யைப் பார்த்து எழுதியிருப்பார் என்றே நினைக்கிறேன். அங்கே அது ஓரளவு பொருந்தியது. வகுப்பு, தேர்வு, சான்றிதழ் என்ற பள்ளிமுறையைச் சாராத கல்வி. அதை அப்படியே தூக்கிவந்து பொருளாதாரத்தின்மேல் கவிழ்த்ததில்தான் பிழை.

முறை என்ற சொல் தமிழில் எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். நீதி முறை, “முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்” என்கிறது குறள். உறவு முறை, முறைமாமன், முறைப்பெண் என்கிறோம். அடுத்தடுத்து வருவதும் முறை, ஒருமுறை, இருமுறை. எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. நான்கு பங்காளிகளுக்கு ஒரு கிணறு இருந்தால், ‘இன்றைக்கு யார் முறை?’ என்று கேட்டுவிட்டுத்தான் மோட்டாரைப் போடுவார்கள். அந்த முறை எந்த அலுவலகத்துப் பதிவேட்டிலும் கிடையாது. ஆனால் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் இறைத்துப் பாருங்கள், ஊரே கூடிவிடும். முறை இருக்கிறது, பதிவு இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்பது கிணற்றடியில் எல்லாருக்கும் தெரியும்.

பொருளியலும் இதையே சொல்கிறது. பார்பரா ஹாரிஸ்-வைட் என்ற ஆய்வாளர் 1970களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டு மாவட்டத்துக்கு வந்தார். ஆரணி அப்போது இந்த மாவட்டத்தில் இருந்தது. 1989இல் மாவட்டம் பிரிந்தபோது திருவண்ணாமலைப் பக்கம் போனது. அரிசி ஆலையும் பட்டுத் தறியும் நிறைந்த அந்த ஊரின் வணிகத்தை அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மீண்டும் மீண்டும் வந்து ஆராய்ந்தார். அவர் வற்புறுத்திச் சொன்ன முடிவுகளில் முதன்மையானது, அரசு ஒழுங்குபடுத்தாத பொருளாதாரம் ஒழுங்கில்லாத பொருளாதாரம் அல்ல என்பது. சாதி, பாலினம், மதம், இடம் ஆகியவை அதை ஒழுங்குபடுத்துகின்றன. யார் தறியில் உட்காரலாம், யார் கடன் கொடுக்கலாம், யார் குப்பை அள்ள வேண்டும், பெண்ணுக்கு எவ்வளவு கூலி என்பதெல்லாம் இறுக்கமாக வகுக்கப்பட்டவை. பல நேரங்களில் அரசின் சட்டத்தைவிட இறுக்கமானவை. இந்த முடிவைத் தமிழில் சொல்லவந்து, ‘முறைசாராப் பொருளாதாரத்துக்குக் கடுமையான முறைகள் உண்டு’ என்று எழுதிப் பாருங்கள். வாக்கியம் தன்னையே அடித்துக்கொள்கிறது. அரை நூற்றாண்டு உழைத்துக் கண்டடைந்த உண்மையை, அதைச் சொல்ல வேண்டிய கலைச்சொல்லே பொய்யாக்கிவிடுகிறது.

முன்பணம் என்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டுத் தறியிலும் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் வாங்கியவர் அதைத் தீர்க்காமல் வேறு முதலாளியிடம் போக முடியாது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ‘முறை’ இருக்கிறது. முறையே இல்லாத இடத்தில் எதை ஒழித்தார்கள்?

என்னிடம் கேள்வி கேட்ட அம்மாவின் வீட்டுக்கு மறுநாள் போனேன். வாசல்படியில் கால் நீட்டி, மடியில் முறம். முறத்தில் ஒரு பக்கம் ஈரத்துணியில் சுருட்டிய இலை, நடுவில் தூள், ஓரத்தில் நூல்கண்டு, கத்தரி. தகரத் துண்டை இலைமேல் வைத்து நறுக்கி, தூளைத் தூவி, உருட்டி, நுனியை நகத்தால் மடக்கி, நூலைச் சுற்றி இழுக்கிறார். என்னோடு பேசிக்கொண்டே செய்கிறார், கண் முறத்தில் இல்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு இலை என்று ஏஜென்ட் நிறுத்துக் கொடுக்கிறார். இலை சொத்தையாக இருந்து எண்ணிக்கை குறைந்தால் குறை இவருடையது. கடையில் தன் காசில் இலை வாங்கி ஈடுகட்ட வேண்டும். சரியில்லை என்று கழித்துப் போட்ட பீடிக்குக் கூலி கிடையாது. “எல்லாம் முறைப்படிதான் நடக்கும், ஒரு நாள் தவறாது” என்றார் அவர். எந்தக் கசப்பும் இல்லாமல், உள்ளதை உள்ளபடி சொல்வதுபோல் சொன்னார்.

சரி, ‘அமைப்புசாரா’ என்று போட்டால் என்ன என்பார்கள். நல வாரியத்தின் பெயரிலேயே அது இருக்கிறது, அரசாணையிலும் செய்தித்தாளிலும் ஊறிவிட்டது. இந்தச் சொல்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. ஆனால் அது ‘அன்ஆர்கனைஸ்டு’ என்ற வேறொரு சொல்லின் பெயர்ப்பு. வேலூரிலும் குடியாத்தத்திலும் பீடித் தொழிலாளர்களுக்குச் சங்கங்கள் உண்டு. ஊர்வலம் போயிருக்கிறார்கள், கூலி உயர்வு பேசி வாங்கியிருக்கிறார்கள். சந்தா கட்டி, சங்கத்தில் ரசீது வாங்கி வைத்திருக்கும் ஒருவரை அமைப்பைச் சாராதவர் என்பது கண்முன் இருக்கும் உண்மைக்கு மாறானது. ‘ஒழுங்கற்ற தொழிலாளர்’ என்றுகூட ஓரிடத்தில் படித்திருக்கிறேன். அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

‘பதிவுசாரா’ என்று ஒரு புதிய ஆக்கம் அண்மையில் உலவுகிறது. நண்பர்கள் சிலர் அதை விரும்புகிறார்கள். கிணற்றடி எடுத்துக்காட்டைச் சொன்னவன் நானே என்பதால், நானும் அதை ஏற்பேன் என்று எதிர்பார்க்கிறார்கள். பாதிதான் ஏற்க முடியும். பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு 1993இல் ‘இன்ஃபார்மல்’ துறையை வரையறுத்தது. அது தொழிலகத்தை வைத்துச் செய்த வரையறை. 2003இல் ‘இன்ஃபார்மல்’ வேலையைத் தனியாக வரையறுத்தது; அது வேலையை வைத்துச் செய்தது. இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் அவர்கள் கண்டுகொண்டது, பதிவுபெற்ற நிறுவனத்துக்குள்ளேயே எந்தப் பாதுகாப்பும் இல்லாத வேலை இருக்க முடியும் என்பதை. ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல் வேலை தெரிந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே கூரையின் கீழ் ஒருவருக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இருக்கும், பக்கத்தில் நிற்கும் ஒப்பந்தக் கூலிக்கு இருக்காது. ஆகவே தொழிலுக்குப் ‘பதிவிலாத் தொழில்’ சரி. தொழிலாளருக்குப் ‘பதிவுசாரா’ பொருந்தாது. இந்த அம்மாவிடமே பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறது, பதிவு எண் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதுபோல, பதிவு இருந்தும் காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி இல்லை. அவரிடம் இல்லாதது பதிவு அல்ல, காப்பு.

எனவே வேலையைக் குறிக்கும்போது ‘காப்பிலா வேலை’, ‘காப்பிலாத் தொழிலாளர்’ என்பதே என் தேர்வு. காப்பு பழைய சொல், எல்லாருக்கும் தெரிந்த சொல். காப்பீடு என்று நாள்தோறும் சொல்கிறோம். மேலே காட்டிய குறளிலேயே முறையும் காத்தலும் தனித்தனியே நிற்கின்றன; ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று வள்ளுவர் எடுத்துக்கொள்ளவில்லை. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளராகவே ஏற்றது. 1976இல் நல நிதிச் சட்டம் வந்தது. பீடிமேல் விதித்த வரியிலிருந்து மருந்தகம், வீடு, பிள்ளைகளின் படிப்பு உதவி. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வரி நீக்கப்பட்டது. தேய்ந்தது காப்புதான், முறை அப்படியே இருக்கிறது, முறத்தில் இலை நிறுத்துக் கொடுப்பது உட்பட.

குடியிருப்புக்கு இந்தச் சொல்லும் உதவாது. ஒரே ஆங்கில அடைமொழி மூன்று துறைகளில் வருகிறது என்பதற்காகத் தமிழிலும் ஒரே அடைமொழி வேண்டும் என்ற பிடிவாதமே நம் மொழிபெயர்ப்பாளர்களின் தீராத நோய். ஒவ்வொரு இடத்திலும் எந்தக் காகிதம் இல்லை என்று கேட்டால் போதும், சொல் தானே வந்து நிற்கும். வீட்டுக்கு இல்லாதது பட்டா. ஏரிக்கரை, ஓடைக்கரை, புறம்போக்கு என்று எங்கே இருந்தாலும் சனங்கள் சொல்வது ‘பட்டா இல்லாத இடம்’. ‘பட்டா இல்லாக் குடியிருப்பு’ என்று எழுதுவதில் எந்த ஆய்வுக்கும் குறை வராது. பீடி சுற்றுபவருக்கு வீடே பட்டறை. தூள் நெடியும் தூளியும் ஒரே அறையில். வீடு கட்ட மானியம் கேட்டுப் போனால் முதலில் கேட்கப்படுவது நிலம் உங்கள் பெயரில் இருக்கிறதா என்பது. ‘முறையற்ற’ என்ற சொல்லில் இந்தக் கதை முழுவதும் மறைந்துபோகிறது, குற்றம் மட்டும் குடியிருப்பவர் தலையில் விழுகிறது.

மருத்துவத்தில் இல்லாதது பட்டம். ‘முறைசாரா மருத்துவர்’ என்று படித்தால் எனக்குச் சித்த மருத்துவரா, ஓமியோபதியா என்ற குழப்பமே வரும். அவர்களுக்கு முறையும் பட்டமும் உண்டே. ஆய்வாளர் சொன்னது, படிக்காமல் ஊசி போடுபவரை. ‘பட்டம் பெறாத மருத்துவர்’ என்றால் முடிந்தது. வேலூர் பெரிய மருத்துவமனைகளின் ஊர். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயில் ஏறி வருகிறார்கள். அதே வேலூருக்குக் குடியாத்தத்திலிருந்து போய்வர ஒரு நாள் கூலி போகும் என்பதால், தெருமுனையில் ஊசி போடுபவரிடம் போகிறார்கள். காப்பிலா வேலையும் பட்டம் பெறாத மருத்துவரும் இப்படித்தான் இணைகின்றன. தனித்தனிச் சொல் இருந்தால்தான் இந்த இணைப்பு கண்ணுக்குத் தெரியும். மூன்றையும் ‘முறைசாரா’ என்று மூடிவிட்டால் எது எதற்குக் காரணம் என்று யாருக்கு விளங்கும்?

இடையில் ஒன்று. ‘முறைசாரா தொழிலாளர்’, ‘அமைப்புசாரா தொழிலாளர்’ என்று ஒற்று இல்லாமல் அச்சடிப்பது இன்று வழக்கமே ஆகிவிட்டது. ‘சாரா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அறியாப் பிள்ளை, ஓடாக் குதிரை என்பதுபோல ‘அமைப்புசாராத் தொழிலாளர்’ என்று வல்லினம் மிக வேண்டும். வாரியப் பலகையிலிருந்து பாடநூல் வரை இந்தத் ‘த்’ காணாமல் போய்விட்டது. சொல்லும் பிழை, சொல்லை எழுதுவதும் பிழை.

முழுப் பொருளாதாரத்தையும் ஒரே சொல்லால் சுட்ட வேண்டிய இடம் வரும், உண்மைதான். அங்கே ‘ஏடேறாப் பொருளாதாரம்’ என்று எழுதுகிறேன். ‘கணக்கில் வராத’ என்றால் கறுப்புப் பணத்தின் நினைவு வந்துவிடும். ஏட்டில் ஏற்றுவது அரசின் வேலை. ஏறாமல் போனால் பிழை எழுதுகோல் பிடித்தவருடையது என்ற சாயல் இதில் இருக்கிறது. அந்தச் சாயல் எனக்கு வேண்டும்.

அந்த நான்கு பக்கத் தாளை அம்மா மடித்து அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார். வாங்கி, பேனாவால் மூன்று இடங்களில் அடித்துத் திருத்திக் கொடுத்தேன். மீண்டும் விரலை வைத்துப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. “பட்டா இல்லாக் குடியிருப்பு. ஆமாம், எழுதிக் கொடுத்துப் பதினோரு வருடம் ஆகிறது” என்றார். உள்ளே போய், மனுவின் நகலை எடுத்துவந்து காட்டினார்.