நோர்வேஜியக் கூட்டுச்சொல்: முதலில் மூட்டு எங்கே என்று பாருங்கள்

நோர்வேக்குப் புதிதாக வரும் நம்மவர்களுக்கு மொழி கற்பிக்கிறேன். அவர்கள் கைக்கு வருகிற முதல் அரசுக் கடிதங்களிலேயே 'ஒப்ஹொல்ஸ்தில்லாதெல்ஸெ' என்ற நீளச்சொல் இருக்கும். வதிவிட அனுமதி என்று பொருள். பலர் அதை எழுத்தெழுத்தாக உருட்டிப் படித்துக் களைத்துப்போவார்கள். பகுதிகள் சேரும் மூட்டு எங்கே என்று பாருங்கள் என்பேன். 'ஒப்ஹொல்' என்றால் தங்குதல், 'தில்லாதெல்ஸெ' என்றால் அனுமதி. நடுவில் நிற்கும் 'எஸ்' இரண்டையும் ஒட்டுகிற எழுத்து. அவ்வளவுதான்.

கடைசிப் பகுதிதான் தலை. சொல் எதைக் குறிக்கிறது, எந்தப் பால், பன்மை எப்படி வரும் எல்லாவற்றையும் அதுவே முடிவு செய்யும். வரிசை மாறினால் பொருளும் மாறிவிடும். 'லேகெவாக்த்' அவசர மருத்துவ நிலையம். 'வாக்த்லேகெ' பணியில் இருக்கும் மருத்துவர். தமிழிலும் தலை பின்னால்தான் வருகிறது என்பதால் இது நமக்குச் சீக்கிரம் பிடிபடும்.

நாம் சறுக்குவது இடைவெளியில். பல்மருத்துவர் என்று சேர்த்தாலும் பல் மருத்துவர் என்று பிரித்தாலும் தமிழில் பொருள் கெடாது. ஆங்கிலமும் பெரும்பாலும் பிரித்தே எழுதும். அந்தப் பழக்கத்தில் நோர்வேஜியச் சொல்லையும் பிரித்துவிடுகிறோம். 'ரொய்க்ஃப்ரித்' என்று சேர்த்து எழுதினால் புகை பிடிக்காத இடம். பிரித்து எழுதினால் 'தாராளமாகப் புகையுங்கள்' என்றாகிவிடும். 'ஸ்தேக்த் ஷில்லிங்லேவெர்' வறுத்த கோழி ஈரல். ஷில்லிங்கையும் லேவெரையும் பிரித்தால், வறுத்த கோழி உயிரோடு இருக்கிறது! நோர்வேக்காரர்களே செய்யும் பிழைதான் இது. ஆனால் வேலைக்கு எழுதும் விண்ணப்பத்தில் இருந்தால் உடனே கண்ணில் குத்தும். கணினியின் எழுத்துத் திருத்தியை நம்பாதீர்கள். பிரிந்த துண்டு ஒவ்வொன்றும் சரியான சொல்லாக இருப்பதால் அது பலமுறை பேசாமல் விட்டுவிடும்.

ஒட்டெழுத்து சில சொற்களில் 'எஸ்', சிலவற்றில் 'எ' என்று ஒலிக்கும் 'e', பலவற்றில் ஒன்றுமே இல்லை. முழுமையான விதி கிடையாது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த ஒரு போக்கு உண்டு. ஒயின் குவளை 'வீன்கிளாஸ்'. சிவப்பு ஒயின் குவளை 'ரோவீன்ஸ்கிளாஸ்'. முன்பகுதியே ஒரு கூட்டுச்சொல்லாகிவிட்டால் பெரும்பாலும் 'எஸ்' வந்து நின்று, பெரிய மூட்டு இங்கேதான் என்று காட்டிக்கொடுக்கும். வாயால் சொல்லும்போது முதன்மை அழுத்தம் பொதுவாக முதல் பகுதியில் விழும். அதைக் காதில் வாங்கிப் பழகினால் எங்கே சேர்த்து எழுதுவது என்ற சந்தேகம் பாதி தீரும்.

அப்புறம், வரி முடிவில் பிரிப்பது. தனிச்சொல்லில் இரண்டு உயிர்களுக்கு நடுவே பல மெய்கள் வந்தால் கடைசி மெய் மட்டும் அடுத்த வரிக்குப் போகும்: லாம்-பெ, காஸ்-தெ. இதையே கூட்டுச்சொல்லில் கண்ணை மூடிக்கொண்டு செய்தால் 'ரோவீன்ஸ்க்-லாஸ்' என்று குவளை உடைந்துபோகும். மூட்டில்தான் வெட்ட வேண்டும், ஒட்டெழுத்து முன்பகுதியோடு நிற்க வேண்டும்: ரோவீன்ஸ்-கிளாஸ்.

பேருந்து நிறுத்தத்தைக் குறிக்கும் 'புஸ்ஸ்தொப்' இன்னும் சுவையானது. 'புஸ்' சொல்லின் முடிவில் இரண்டு எஸ், 'ஸ்தொப்' தொடக்கத்தில் ஒன்று. சேரும்போது ஒரு எஸ் மறைந்து இரண்டே மிஞ்சும். வரி முடிவில் பிரித்தாலோ மறைந்த எஸ் திரும்பி வந்துவிடும்.

கார் பாகங்களைக் குறிக்கும் 'பீல்தேலெர்' சொல்லை 'பீல்' பகுதிக்குப் பின் வெட்டுங்கள். இரண்டு எழுத்து தள்ளி வெட்டினால் முதல் வரியில் 'பில்தெ', அதாவது படம், என்று நிற்கும். அடுத்த வரியில் 'லேர்', அதாவது சிரிக்கிறது.