எஃப்.கா.கா: பிறந்தமேனிப் பண்பாடு

ஜெர்மனியின் பால்டிக் கடற்கரையில் நடந்துபோனால் ஓரிடத்தில் 'எஃப்.கா.கா' என்று மூன்றெழுத்துப் பலகை நிற்கும். அதைத் தாண்டினால் உடுப்பு தேவையில்லை. இன்னும் கொஞ்சம் நடந்தால் 'டெக்ஸ்டில்' என்று வேறொரு பலகை. டெக்ஸ்டில் என்றால் துணி. அந்தப் பகுதியில் நீச்சலுடை வேண்டும். ஆடையில்லாதவர்களுக்குப் பெயர் இருப்பது எங்கும் உள்ளதுதான். உடுத்தியவர்களுக்கும் தனிப்பெயர் வைத்த ஊர் இது.

மூன்றெழுத்தின் விரிவு ஃப்ரைக்யோர்ப்பர்குல்ட்டூர். ஃப்ரை என்றால் தளையற்ற, க்யோர்ப்பர் என்றால் உடல், குல்ட்டூர் என்றால் பண்பாடு. ஆணும் பெண்ணுமாகப் பொது இடத்தில் ஆடையின்றிக் குளிப்பது, வெயில் காய்வது, பந்து விளையாடுவது, நடப்பது, இதையெல்லாம் காமத்தோடு சேர்க்காமல் ஓய்வாகவும் உடல்நலமாகவும் பார்ப்பது என்று பொருள். ஓர் ஆண் காம நோக்கோடு உடலைத் திறந்து காட்டிப் பிறரைத் தொந்தரவு செய்வது வேறு. அது ஜெர்மன் தண்டனைச் சட்டம் 183ஆம் பிரிவின்படி குற்றம். வெறுமனே ஆடையின்றி இருப்பது தண்டனைச் சட்டத்துக்குள் வராது. இடம் பார்க்காமல் செய்து அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாக இருந்தால் ஒழுங்குமீறல் சட்டம் 118ஆம் பிரிவின்கீழ் அபராதம் கட்ட நேரலாம்.

தமிழ்ச் செய்திகளில் இது பெரும்பாலும் 'நிர்வாணக் கலாச்சாரம்' ஆகிவிடுகிறது. அகராதிப்படி அதில் பிழை இல்லை. ஆனால் அதே பொருள் கொண்ட சொல் ஜெர்மனிலும் இருந்தது. அந்த இயக்கத்தார்தான் அதை வேண்டாமென்று கைவிட்டார்கள்.

முதலில் வழங்கிய பெயர் நாக்ட்குல்ட்டூர். நாக்ட் என்றால் அம்மணம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், புகை மண்டிய தொழில் நகரங்களில் இருந்து தப்பி வெயில், காற்று, மரக்கறி உணவு, இறுக்கமில்லாத உடை என்று தேடிப்போன 'வாழ்க்கைச் சீர்திருத்த' இயக்கத்தில் இது முளைத்தது. ஹைன்ரிஷ் பூடோர் 1893இல் இதைப் பற்றி எழுதினார்; நாக்ட்குல்ட்டூர் என்ற சொல்லைப் பரப்பியவரும் அவரே. 1903இல் ல்யூபெக் நகருக்கு அருகே கிளிங்பெர்க்கில் பவுல் சிம்மர்மன் இதற்கென்று ஒரு பூங்கா திறந்தார். தொடக்கம் எல்லாமே தூய்மையானது என்று நினைத்துவிட வேண்டாம். பூடோரும் அவருக்குப் பின்வந்த ரிச்சர்ட் உங்கெவிட்டரும் இனவெறி எழுத்தாளர்கள். வெயில் குளியலோடு 'இனத்தைச் செப்பனிடுவது' என்ற நஞ்சையும் சேர்த்தே விற்றார்கள். அதே காலத்தில் இடதுசாரிப் பக்கமும் இருந்தது: பெர்லின் ஆசிரியர் அடோல்ஃப் கோஹ் 1920களில் தொழிலாளர் குடும்பங்களுக்கான உடற்பயிற்சிப் பள்ளிகளை நடத்தினார். நெருக்கடியான குடியிருப்புகளில் வெயில் படாமல் வாழ்ந்தவர்கள் அங்கே வந்தார்கள்.

'நாக்ட்' என்ற சொல் படக்கடைக்காரர்களுக்கும் மேடைக் கேளிக்கைக்காரர்களுக்கும் வசதியாகிப்போனதால், 1920களில் இயக்கத்தார் ஃப்ரைக்யோர்ப்பர்குல்ட்டூர் என்ற பெயருக்கு நகர்ந்தார்கள். அம்மணம் என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் விடுதலையை வைத்தார்கள். அதை 'நிர்வாணக் கலாச்சாரம்' என்று தமிழாக்கும்போது நாம் அவர்கள் தூக்கிப்போட்டதைப் பொறுக்கி மறுபடி ஒட்டுகிறோம்.

பெயர் மாறியதும் எல்லாம் சுமுகமாகிவிடவில்லை. 1932இல் ஜெர்மனியின் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் அரசு நீச்சலுடைக்கு அளவு சொல்லி ஓர் ஆணை போட்டது. பெண்களின் உடை மார்பையும் உடலின் முன்புறத்தையும் முழுக்க மூட வேண்டும், கைக்குக்கீழ் ஒட்டி நிற்க வேண்டும், உடையோடு சேர்ந்த கால்பகுதி இருந்து நடுவே ஒட்டுத்துணி தைத்திருக்க வேண்டும், முதுகுத் திறப்பு தோள்பட்டை எலும்பின் கீழ்முனையைத் தாண்டக் கூடாது. அந்த ஒட்டுத்துணிக்கு ஜெர்மனில் ட்ஸ்விக்கெல். ஆணைக்கு 'ட்ஸ்விக்கெல் ஆணை' என்றே பெயர் நிலைத்து ஊரே சிரித்தது. 1933 மார்ச்சில் நாஜித் தலைவர் கோரிங் பிறப்பித்த ஆணை இயக்கத்தையே ஒடுக்கச் சொன்னது. ஆனால் நாஜிகளுக்குள்ளேயே இதற்கு ஆதரவாளர் இருந்ததால், 1942இல் பிறர் கண்ணில் படாத இடங்களில் குளிக்கலாம் என்று தளர்த்தினார்கள். கிழக்கு ஜெர்மனியும் 1954இல் பால்டிக் கரையில் தடை போட்டுப் பார்த்தது. எதிர்ப்புக் கிளம்பி, 1956இல் இடம் குறித்து அனுமதிக்கும் விதியாக அது முடிந்தது. அதன்பிறகு அந்நாட்டில் இது சாதாரண விடுமுறைப் பழக்கமாகவே ஆகிவிட்டது. 1990இல் நாடு இணைந்தபின் கடற்கரையில் முகம் சுளித்தவர்கள் பலரும் மேற்கிலிருந்து வந்தவர்களே.

இந்தச் சொல் அட்லாண்டிக்கைக் கடந்தபோது அதற்கு நேர்ந்த கதை இன்னும் சுவையானது. 1929இல் நியூயார்க்கில் குர்ட் பார்த்தெல் என்ற ஜெர்மன் குடியேறி சங்கம் தொடங்கினார். 'விடுபட்ட உடல்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் வைக்க வழியில்லை. சங்கத்துக்கு 'அமெரிக்க உடற்பயிற்சிப் பண்பாட்டுக் கழகம்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். கேட்பவர் எடைதூக்கும் கூடம் என்றே நினைப்பார். அடுத்து வந்த பெரிய அமைப்பு 'சூரியக்குளியல் சங்கம்' என்ற பெயரில் பல பத்தாண்டுகள் இயங்கியது. 'ஆடையற்ற பொழுதுபோக்கு' என்று வெளிப்படையாகப் பெயரை மாற்றிக்கொள்ள 1990கள் வரை ஆனது. பயிற்சி, சூரியன், பொழுதுபோக்கு என்று ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு காரணத்தைப் பெயரில் தூக்கிப்பிடிக்க வேண்டியிருந்தது. காரணம் சொல்லாத உடல் அங்கே ஆபாச வழக்கில் மாட்டும். 1873இன் காம்ஸ்டாக் சட்டம் ஆபாசப் பொருட்களைத் தபாலில் அனுப்புவதைத் தடுத்தது. இச்சங்கத்தாரின் இதழையும் தபால் துறை மறித்தது. அதை அனுப்பலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1958இல்தான்.

'அமெரிக்கர் கூச்சக்காரர், ஐரோப்பியர் கூச்சமற்றவர்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். வழக்கமாகத் தவறும் அதுவே. அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் 1926 முதல் 1962 வரை வெளியிட்ட வழிகாட்டுதல்களில், ஆண்களுக்கு மட்டுமான உள்ளரங்குக் குளங்களில் உடையின்றிக் குளிப்பதே நல்லது என்று பரிந்துரை இருந்தது. கம்பளி நீச்சலுடையின் இழை வடிகட்டியை அடைக்கும், துணியோடு அழுக்கும் தண்ணீரில் சேரும் என்பது காரணம். ஒய்.எம்.சி.ஏ குளங்களில் அப்படித்தான் நீந்தினார்கள். ஆக அமெரிக்கக் கோடு உடம்புக்கும் துணிக்கும் நடுவே ஓடியதல்ல, ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே ஓடியது. ஒரே பாலினத்தார் கூடும் இடத்தில் கூச்சமில்லை, கலந்தால் கூச்சம். ஜெர்மன் கோடு இடத்தைப் பொறுத்தது. பலகைக்கு இந்தப்பக்கம் எல்லோரும் உடுத்தியிருப்பார்கள், அந்தப்பக்கம் ஆண் பெண் எல்லோரும் ஒருபோல.

பொதுத்திரையில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். 2004 பிப்ரவரி 1 அன்று அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின் இடைவேளைப் பாட்டில் ஜேனட் ஜாக்சனின் மார்பு ஒரு நொடியில் ஏறக்குறையப் பாதி நேரம் திரையில் தெரிந்தது. ஒளிபரப்பிய சி.பி.எஸ் நிறுவனத்துக்கு அரசு ஆணையம் 5,50,000 டாலர் அபராதம் போட்டது. வழக்கு எட்டாண்டு இழுத்து, 2012இல் அபராதம் செல்லாது என்பது உறுதியானது. அந்தப் போட்டிக்கு இரண்டாண்டு முன்பு, 2002இல், வாஷிங்டனில் நீதித்துறையின் கூடத்தில் நின்ற அரைநிர்வாணச் சிலைக்கு முன்னால் சுமார் 8,000 டாலர் செலவில் திரை தொங்கவிட்டார்கள். ஆனால் அதே நாட்டில்தான் நியூயார்க் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் மேலாடையின்றி இருந்த பெண்கள் மீதான வழக்கைத் தள்ளுபடி செய்தது. நியூ ஜெர்சியில் கூட்டரசுக்குச் சொந்தமான சாண்டி ஹூக் நிலத்தின் கன்னிசன் கடற்கரையில் ஆடையின்றிக் குளிக்கலாம். அமெரிக்காவில் மாநிலம் பார்த்து, ஊர் பார்த்து, நிலம் யாருடையது என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

ஐரோப்பாவும் ஒரே துணியில் தைத்ததல்ல. டிரென்ட் திருச்சபைப் பேரவைக்குப் பிறகு, 1565இல், மைக்கலாஞ்சலோ வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியத்தின் மேனிகளுக்கு டானியேலே த வோல்தெர்ராவைக் கொண்டு துணி வரைய வைத்தார்கள்; பாவம், அவருக்குக் 'கால்சட்டைக்காரர்' என்ற பட்டப்பெயர்தான் மிஞ்சியது. பின்லாந்தில் சவுனாவே, அதாவது சூடேற்றிய மர அறையில் வியர்க்க உட்காருவதே, தேசியப் பழக்கம். 2020இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. ஆனாலும் அங்கே பொதுச் சவுனாவில் ஆண்கள் வேறு, பெண்கள் வேறு. கலந்து உட்காருவது ஜெர்மனி, ஆஸ்திரியா வழக்கம்.

எஃப்.கா.கா என்ற எழுத்துகளைப் பார்க்காமலேயே அதன் விதிகளுக்குள் வெளியூர்க்காரர் விழும் இடமும் இந்த ஜெர்மன் சவுனாதான். வாசலில் 'டெக்ஸ்டில்ஃப்ரை' என்று எழுதியிருந்தால் துணியில்லாப் பகுதி. நீச்சலுடையோடு உள்ளே போனால் பணியாளர் வந்து கழற்றச் சொல்வார். நிர்வாண ஊரில் கோவணம் கட்டியவன் பைத்தியக்காரன் என்ற நம் பழமொழி அங்கே சட்டமாகவே இருக்கிறது. காரணமும் சொல்வார்கள்: செயற்கை இழைத் துணி வியர்வையைப் பிடித்து வைக்கும், தோலிலிருந்து அது ஆவியாக விடாது, குளத்தில் நனைத்த துணியென்றால் அதிலுள்ள குளோரின் சூட்டில் கிளம்பும்.

முறை இது. முதலில் சோப்பு போட்டுக் குளிக்க வேண்டும். பிறகு நன்றாகத் துடைக்க வேண்டும். காய்ந்த தோல்தான் சீக்கிரம் வியர்க்கும். செருப்பை வெளியே விட்டு, ஆளுயரத் துண்டோடு உள்ளே போக வேண்டும். துண்டு உடுத்த அல்ல, விரிக்க. முதுகு, தொடை, பாதம் எதுவும் மரத்தில் படக் கூடாது. பெரும்பாலானவர் பிழை செய்வது பாதத்தில்தான்; உட்காரும் இடத்தில் மட்டும் துண்டைப் போட்டுவிட்டுக் கீழ்ப்படியில் வெறுங்காலை வைப்பார்கள். உள்ளே 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், மேல்படியில் சூடு அதிகம். 8 முதல் 15 நிமிடம் போதும். எழும் முன் ஓரிரு நிமிடம் நிமிர்ந்து உட்கார வேண்டும், இல்லையேல் தலை சுற்றும். வெளியே வந்து முதலில் காற்று, பிறகு தண்ணீர். சூடான கல்லில் நீரூற்றித் துண்டால் ஆவியைச் சுழற்றும் சடங்குக்கு அவுஃப்கூஸ் என்று பெயர். அது நடக்கும்போது கதவைத் திறப்பவரை யாரும் மன்னிப்பதில்லை. செல்பேசி கூடாது, உற்றுப் பார்ப்பது கூடாது. பக்கத்திலுள்ள நீச்சல்குளப் பகுதியிலோ நீச்சலுடை கட்டாயம், சிற்றுண்டிக்கூடத்தில் குளியல் அங்கி வேண்டும். துணியில்லாமல் குளத்துக்குள் போனவரும், துணியோடு சவுனாவுக்குள் போனவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: பலகையைப் படிக்கவில்லை.

இனி தமிழுக்கு வருவோம். நிர்வாணம் வடமொழியில் விளக்கு அணைவது போன்ற 'அணைதல்', அதன்வழி பௌத்தரின் விடுபேறு. தமிழில் அது ஆடையின்மையையும் குறிக்க வந்துவிட்டது. இன்று செய்தித் தலைப்புகளில் பரபரப்புக்கே பயன்படுவதால் இந்த இடத்துக்கு ஒவ்வாது. அம்மணம் அமணரிடமிருந்து, அதாவது ஆடை துறந்த சமண முனிவரிடமிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். முண்டக்கட்டை என்பது ஏச்சு. திகம்பரம் திசையையே ஆடையாகக் கொள்ளும் துறவு. ஆடைதுறப்பு என்றாலும் அதே துறவு வாடைதான். வார இறுதியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு வெயில் காய்கிறவர் எதையும் துறக்கவில்லை. தேவாரத்தில் சிவனைக் குறிக்கும் 'நக்கன்' வடமொழி 'நக்ன' வழி வந்தது. ஜெர்மன் 'நாக்ட்' அதே வேரின் இன்னொரு கிளை. அழகான உறவுதான், ஆனால் இன்று 'நக்கல்' என்றே காதில் விழும்.

'உடல் சுதந்திரம்' என்று எழுதலாமே என்பார்கள். அது கருக்கலைப்பு, திருமணம் போன்ற உரிமைப் பேச்சில் வேறு பொருளில் ஊன்றிவிட்டது. இதன் உறவுச்சொல்லான நேச்சுரிசத்தை 'இயற்கைவாதம்' என்றால் இலக்கியக் கொள்கையோ தத்துவமோ என்று வாசகர் வழி தவறுவார்.

மிஞ்சுவது பிறந்தமேனி. பேச்சில் வாழும் சொல், ஆபாச நெடி குறைவு, உடம்பை அதன் இயல்பான நிலையில் சொல்கிறது. ஆகவே பிறந்தமேனிப் பண்பாடு. பிறந்தமேனிக் கடற்கரை, பிறந்தமேனிக் குளியல் என்று கிளைவிடவும் இடம் தருகிறது. விடுதலை என்ற பொருள் இதில் விடுபட்டுப்போவது உண்மையான குறை. கட்டுரையில் முதல்முறை வரும்போது எஃப்.கா.கா என்ற எழுத்துகளையும் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும்.

அந்த மூன்றெழுத்தையும் ஒரு எச்சரிக்கையோடுதான் எழுத வேண்டும். ஜெர்மனியில் 'எஃப்.கா.கா கிளப்' என்று விளம்பரம் செய்யும் இடங்கள் பெரும்பாலும் விலைமாதர் விடுதிகள். சங்கம் என்ற பொருளில் 'ஃபெரைன்' என்றிருந்தால் அது குடும்பங்கள் கூடி வாலிபால் ஆடும் இடம். பயணக் குறிப்பு எழுதுகிறவர்கள் இரண்டையும் 'பிறந்தமேனிச் சங்கம்' என்று ஒரே சொல்லால் மொழிபெயர்க்கக் கூடாது.