எபனி என்னும் கருங்காலி

கிட்டார் பட்டறையில் 'எபனி' என்றால் விரற்பலகைக்கும் (ஃபிங்கர்போர்டு) குதிரைக்கும் (பிரிட்ஜ்) போடும் கரிய, கனத்த மரம். தமிழில் கருங்காலி. வீணைக்காரர்கள் பிரிட்ஜைக் குதிரை என்றும், விரற்பலகையின் குறுக்கே பதியும் உலோகக் கம்பியான ஃப்ரெட்டை மெட்டு என்றும் சொல்வதால், அந்தப் பெயர்களையே இங்கும் கொள்ளலாம்.

எபனி என்ற சொல் ஆங்கிலத்துக்கு லத்தீன் 'எபெனஸ்', அதற்கு முன் கிரேக்க 'எபெனோஸ்' வழியாக வந்தது. வேர் பழைய எகிப்திய மொழியில் இருக்கிறது. எகிப்தியர் அப்படி அழைத்தது பெரும்பாலும் டால்பெர்ஜியா மெலனோசைலான், அதாவது இன்று கிளாரினெட் செய்யும் மரம். அது நம் ஈட்டி மரத்தின் (ரோஸ்வுட்) உறவு. இன்றைய எபனியோ டயோஸ்பைரஸ் இனம்: பீடி இலை மரமும் பனிச்சையும் பெர்சிமன் பழமும் அதே குடும்பம்.

தமிழிலும் இதே குழப்பம் உண்டு. கருமை, கால், இ எனப் பிரியும் இந்தப் பெயர் இரண்டு மரங்களுக்கு வழங்குகிறது. ஒன்று தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் டயோஸ்பைரஸ் எபினம், சிங்களத்தில் 'களுவர'. மற்றது காசுக்கட்டி எடுக்கும் முள்மரம். செங்கருங்காலி என்றும் சொல்வதுண்டு. சித்த மருந்தில் வருவது இந்த இரண்டாவது. இதன் காழ் (நடுமரத்து வைரம்) செம்பழுப்பு, ஊறவைத்த நீர் சிவக்கும். மாலை விற்பவர்கள் எதைத் தருகிறார்களோ, கிட்டாருக்கு வேண்டியது முதல் மரம்தான். கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்ட உதவுவதால் துரோகிக்கும் இப்பெயர் வந்தது என்பார்கள். அந்த உறுதிதான் விரற்பலகைக்கும் வேண்டும்.

ஒரு கன மீட்டர் ஈட்டி சுமார் 830 கிலோ. கருங்காலி 900 முதல் 1000 வரை போகும். கம்பி உரசி எளிதில் பள்ளம் விழாது. நுண்துளைகள் மிகச் சிறியவை என்பதால் மெருகு பூசாமலே வழவழப்பாகும். இந்த நன்மைகளுக்கு ஈடாக, உலர்த்துவது பெரும்பாடு. காழ் வேகமாகக் காய்ந்தால் முனையிலிருந்து பிளக்கும். ஆகவே அறுத்தவுடன் இரு முனையிலும் மெழுகு பூச வேண்டும். 6 மி.மீ. தடிமன் வேண்டிய பலகையை 9 மி.மீ. அளவில் வாங்கி, 45 முதல் 50 சதவீத ஈரப்பதமுள்ள அறையில் சில மாதம் விட்டு, பிறகு இழைப்பது நல்லது. ஆண்டு வளையங்கள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்ததையே தேர்க. அப்படிப்பட்ட 55 மி.மீ. அகலப் பலகையும் தன் எடையில் 4 சதவீத நீரை இழந்தால் ஏறக்குறைய 0.6 மி.மீ. சுருங்கும். ஏசி அறையில் மெட்டு முனைகள் வெளியே நீட்டிக் கையைக் குத்துவது இதனால்தான். முனையை அராவிவிட்டால் மட்டும் தீராது. பலகையின் ஈரம் நிலைபெற்ற பிறகே அராவ வேண்டும்.

மெட்டு வெட்டில்தான், அதாவது மெட்டு இறங்கும் காடியில்தான், பலர் தவறுகிறார்கள். வழக்கமான வாள்வெட்டு 0.58 மி.மீ. மென்மரத்தில் வெட்டு சற்று இறுகலாயிருந்தால் மரம் அமுங்கிக்கொள்ளும், கருங்காலி அமுங்காது. 20 மெட்டுகளும் ஆப்பு போல நெருக்க, கழுத்து பின்னோக்கி வளைந்துவிடும். கழிவுத் துண்டொன்றில் வெட்டி, மெட்டை அடித்து அளந்து பார்த்த பின்னரே பலகையில் வாளை வையுங்கள். வெட்டின் மேல்விளிம்பை முக்கோண அரத்தால் லேசாகச் சரித்துவிட்டால், பின்னாளில் மெட்டைப் பிடுங்கும்போது விளிம்பு சில்லு சில்லாகப் பெயராது. பிடுங்கும் முன் சால்டரிங் அயர்னால் சூடாக்குங்கள். பெயர்ந்த சில்லைத் தொலைக்காதீர்கள், சூப்பர்குளூவில் அதுவே ஒட்டும்.

கழுத்தோடு ஒட்ட நீர்ப்பசை பயன்படுத்தினால் பலகையின் அடிப்பக்கம் மட்டும் ஊறி விரிய, மொத்தமும் வளையும். நீர் சேராத எபாக்சி பசை பாதுகாப்பானது. எப்படியானாலும் ஒட்டும் முகத்தைச் சுரண்டி எடுத்த கையோடு ஒட்டிவிட வேண்டும். நாள்பட்ட முகத்தில் பசை பிடிக்காது.

தூள் இன்னொரு தொல்லை. மையைப் போல, கிட்டாரின் வெளிறிய ஸ்ப்ரூஸ் மர மேற்பலகையின் நுண்துளைக்குள் இறங்கும். ஸ்பிரிட் துணியால் துடைத்தால் இன்னும் பரவும். மேற்பலகையை மூடிவைத்து, தூளை வாக்குவம் கொண்டு உறிஞ்சுங்கள். சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வரும், முகமூடி கட்டாயம்.

முழுக்கரு மரம் கிடைப்பது அரிது. கேமரூன் காட்டில் வெட்டுவோர் பழுப்புக் கோடுள்ள மரங்களை வெட்டிய இடத்திலேயே விட்டுவந்தார்கள். 2011-இல் அங்குள்ள ஆலையை ஸ்பெயின் நிறுவனமொன்றோடு சேர்ந்து வாங்கிய அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான டெய்லர் கிட்டார்ஸ், அந்தக் கோட்டு மரத்தையும் கருவிகளில் போடத் தொடங்கியது. உறுதியில் குறைவில்லை. கடையில் கரேலென்று ஒரே நிறத்தில் மலிவாக விற்றால், ஒரு மெட்டு வெட்டுக்குள் பாருங்கள்: உள்ளே வெளிறிய பழுப்பு தெரிந்தால் அது சாயம் ஏற்றிய வேறு மரம்.