அம்பர்: தமிழில் புதைகுங்கிலியம்

'அம்பரில் பூஞ்சைக் கொசுவின் புதிய பேரினம்' என்பதுபோன்ற செய்தியைத் தமிழில் எந்தச் சொற்களில் எழுதுவது, அந்தப் பேரினத்தை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதே இங்கே பேச்சு. அரபு மொழியின் 'அன்பர்' தான் நம் அம்பர். அங்கே அது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் குடலில் உருவாகிக் கடலில் மிதக்கும் வாசனைப் பொருள். பால்டிக் கரையில் ஒதுங்கும் மஞ்சள் கட்டிக்கும் ஐரோப்பியர் அதே பெயரை வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர் பிறகு சாம்பல் அம்பர், மஞ்சள் அம்பர் என்று பிரித்துக்கொண்டார்கள். நம் அத்தர் வியாபாரத்தில் அம்பர் என்ற சொல் திமிங்கிலச் சரக்கையும் குறிக்கும்.

பூச்சி அடைபட்டுக் கிடக்கும் அம்பரோ மரத்திலிருந்து வந்தது. அதைப் 'புதைபடிவப் பிசின்' என்று எழுதுகிறார்கள்; அதுவும் முழுக்கச் சரியில்லை. பாதாம் பிசினும் கருவேலம் பிசினும் நீரில் ஊறும். அம்பரின் மூலப்பொருள் நீரில் ஊறாது. சாராயத்தில் ஓரளவாவது கரையும், நெருப்பில் மணக்கும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ், பினாங்கு லிட்டில் இந்தியா பூசைக் கடைகளில் கேட்டால் அந்த வகைக்குப் பெயர் குங்கிலியம், மலாயில் டாமார். பினாங்கு மலையில் வளரும் டாமார் மின்யாக் மரத்தின் பெயரே அதைச் சொல்கிறது. சரவாக்கின் மெரிட்-பிலா நிலக்கரிப் படுகையில் கிடைக்கும் மயோசீன் எனும் பழைய புவியியல் காலத்து அம்பர், மெராந்தியும் செங்காலும் குங்கிலிய மரமும் சேர்ந்த டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்களுடையது. ஆகவே 'புதைகுங்கிலியம்' என்பதே பொருந்தும்.

புதைந்தும் இன்னும் முற்றாத குங்கிலியத்துக்குப் பெயர் கோபால் (copal). பூச்சி இல்லாத பக்கத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டால் கோபால் பிசுபிசுக்கும், அம்பர் அசையாது. 250 மில்லி நீரில் 50 கிராம் உப்பைக் கரைத்துப் போட்டால் அம்பர் மிதக்கும், போலியாக விற்கும் பேக்கலைட் நெகிழி மூழ்கும். ஆனால் கோபாலும் பாலிஸ்டைரீன் நெகிழியும் கூட மிதக்கும். உப்புநீரை மட்டும் நம்பி வாங்கக்கூடாது.

அடுத்து, 'பூஞ்சைக் கொசு'. இந்தப் பூச்சிகளின் மைசெட்டோஃபிலிடே என்ற குடும்பப் பெயருக்குக் கிரேக்கத்தில் காளான் விரும்பி என்று பொருள். இவை கடிப்பதில்லை, புழுக்கள் காளானையும் பூஞ்சை இழைகளையும் தின்னும். கொசு என்றதும் டெங்கு பரப்பும் ஏடிஸை நினைக்கும் ஊரில் 'காளான் குறு ஈ' என்பதே நல்லது.

பேரினம் என்பது சிற்றினத்துக்கு மேல்படி. இலங்கைப் பாடநூல்களில் இதுவே சாதி. புதைகுங்கிலியத்தில் புதிய பேரினத்தைக் கண்டறிவது பெரும்பாலும் சிறகு நரம்புகளைப் பொறுத்தது. சிறகுக்கு இணையாக ஒரு முகத்தை 2000, பிறகு 5000 எண் உப்புத்தாளில் நீர்விட்டுத் தேய்க்க வேண்டும். அம்பரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.54, கிளிசரினுக்கு 1.47. அதனால் ஒரு சொட்டு கிளிசரினும் மேலே கண்ணாடிச் சில்லும் வைத்தால் கீறல்கள் மறைந்து நரம்புகள் தெளியும். துணை விளிம்பு நரம்பு எங்கே முடிகிறது, ஆர்4 (R4) எனும் ஆர நரம்புக் கிளை இருக்கிறதா, நடு நரம்பு எங்கே கிளைக்கிறது என்று வரைய வேண்டும். தலையுச்சியில் உள்ள சிறிய தனிக்கண்கள் மூன்றா இரண்டா என்பதும், ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பும் வேண்டும். உணர்கொம்பில் பொதுவாக 16 கணுக்கள்: அடியில் 2, மேலே 14. அதிகம் தேய்த்தால் கொம்பின் நுனி போய்விடும், எண்ணிக்கை என்றென்றைக்கும் கிடைக்காது.

தவறு நேர்வது பெரும்பாலும் நரம்பில்தான். மடிந்த இரு சிறகுகளின் நரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இல்லாத குறுக்கு நரம்பு தெரியும். மெல்லிய விரிசலும் நரம்பாகத் தோன்றும். பால்டிக் அம்பரில் உடலைச் சுற்றிப் பால்போன்ற படலம் கண்ணை மறைக்கும். ஒரு நரம்பு இடச்சிறகில் மட்டும் இல்லையென்றால் அது குறைபாடு, புதிய பேரினம் அல்ல. இரு சிறகையும் ஒப்பிடாமல் பெயர் வைப்பது அவசரம்.

பெயருக்கும் விதி உண்டு. 1930க்குப் பிந்திய பேரினப் பெயருக்கு ஒரு வகைச் சிற்றினத்தை, அதாவது அந்தப் பேரினத்துக்கு மாதிரியாக நிற்கும் சிற்றினத்தை, கட்டாயம் சுட்ட வேண்டும். 1999க்குப் பின் வைக்கும் சிற்றினப் பெயருக்கு அதைத் தாங்கும் மாதிரி (பெரும்பாலும் ஹோலோடைப் எனும் ஒற்றை மாதிரி) எதுவென்றும், அது எந்தத் தொகுப்பில் இருக்குமென்றும் எழுத வேண்டும். விலங்குலகில் வேறெந்தப் பேரினமும் அந்தப் பெயரை ஏற்கெனவே கொண்டிருக்கக்கூடாது. தாவரத்தில் இருந்தால் தடையில்லை. இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரையென்றால் விலங்குப் பெயர்களின் அதிகாரப்பூர்வப் பதிவேடான ஜூபேங்கில் முன்பதிவும் தேவை.