மேஷோ-எ: ஊரும் பேரும் உள்ள ஓவியம்

ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களில் மலை, ஆறு, வழிப்போக்கர் என்று எது வந்தாலும் தமிழில் 'இயற்கைக் காட்சி' என்று எழுதிவிடுகிறோம். ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் (1797–1858) படங்களுக்கு அந்தச் சொல் போதாது. அவற்றுக்கு ஜப்பானிய மொழியில் தனிப்பெயரே உண்டு: மேஷோ-எ.

'மே' என்றால் பெயர், 'ஷோ' இடம், 'எ' படம். பெயர்பெற்ற இடத்தின் படம் என்பது நேர்ப்பொருள். முதலில் இடங்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது கவிதை. யோஷினோ மலை என்றால் செர்ரிப் பூ, தத்சுதா ஆறு என்றால் சிவந்த மேப்பிள் இலை என்று 'வாக்கா' என்ற ஜப்பானியக் கவிதை வகையைப் பாடிய புலவர்கள் வழிவழியாகப் பாடி வைத்தார்கள். இடத்தைக் கண்ணால் பார்க்காமலே பாடியவர்களும் உண்டு. ஹெய்யான் காலத்தில் (794–1185) இந்த இடங்களை மடக்குத் திரைகளில் வரைந்தார்கள். மேஷோ-எ பிறந்தது அங்கேதான். தேவாரத்தில் வரும் ஊரைப் 'பாடல் பெற்ற தலம்' என்கிறோமே, பாட்டுக்கும் இடத்துக்கும் உள்ள அந்த உறவை நினைத்துக்கொண்டால் இது சட்டென்று பிடிபடும்.

'சன்சுய்-க' என்பது வேறு. 'சன்' மலை, 'சுய்' நீர். சீன மரபிலிருந்து வந்த மை ஓவியம். அதில் வரும் மலை பெரும்பாலும் ஊர் பேர் இல்லாத மலை, மனதில் எழுந்த மலை.

அப்புறம் 'எதோ' நகரின் பெயரால் வழங்கும் காலத்தில் (1603–1868) மக்கள் பெருமளவில் சாலைப் பயணம் போகத் தொடங்கினார்கள். எதோ நகரையும் (இன்றைய தோக்கியோ) கியோத்தோவையும் இணைத்த தொக்காய்தோ சாலையின் நீளம் சுமார் 490 கிலோமீட்டர். இடையில் 53 தங்கல் ஊர்கள். ஹிரோஷிகே 1833–34 வாக்கில் அவற்றை வரைந்தபோது, இரு முனைகளையும் சேர்த்து 55 படங்கள் ஆயின. ஷோனோ என்ற ஊரின் படத்தில் சாய்ந்து அடிக்கும் மழையில் பல்லக்குத் தூக்கிகள் குனிந்தபடி மேடேறுகிறார்கள். எதிரே குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் இறங்கி ஓடுகிறார்.

எதோ நகரின் ஒஹாஷி பாலத்தை ஹிரோஷிகே வரைந்து 1857-இல் வெளிவந்த படத்தை நிதானமாகப் பாருங்கள். மேலே கருமேகம். அச்சுக்கட்டையில் சாயத்தைத் தடவி, ஒரு பக்கம் துடைத்து, கருமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவிட்டிருக்கிறார் அச்சடித்தவர். இந்த வேலைக்குப் 'பொகாஷி' என்று பெயர். மழை முழுக்கவும் மெல்லிய கோடுகள். ஒவ்வொன்றையும் செதுக்குபவர் மரத்தில் மேடாக நிற்கவிட்டு, சுற்றிலும் குடைந்து எடுக்க வேண்டும். வலது மேல் மூலையில் ஒரு சிவப்புக் கட்டத்தில் இந்தப் படம் இடம்பெற்ற படவரிசையின் தலைப்பு இருக்கிறது: 'மேஷோ எதோ ஹ்யாக்கெய்', எதோவின் பெயர்பெற்ற இடங்கள், நூறு காட்சிகள். பக்கத்துக் கட்டத்தில் அந்த இடத்தின் பெயர். பெயரை எழுதாமல் படம் முடிவதில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'நிலக்காட்சி ஓவியம்' நல்ல சொல்தான், ஆனால் அதில் 'பெயர்' விடுபட்டுப் போகிறது. 'பேரிட ஓவியம்' தனித்தமிழ். சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் காதில் விழும்போது 'பேரிடர்' குறுக்கே வருகிறது. என் தேர்வு 'தலச்சித்திரம்'. தலம், சித்திரம் இரண்டுமே வடமொழி வழி வந்த சொற்கள், மறுக்கவில்லை. ஆனால் திருத்தலம் என்றும் சொல்கிறோம், சுற்றுலாத் தலம் என்றும் சொல்கிறோம். பாட்டால் பெயர் பெற்ற யோஷினோவுக்கும், போக்குவரத்தால் பெயர் பெற்ற பாலத்துக்கும் அந்த ஒரே சொல் இடம் தருகிறது. திரையில் தீட்டியதும் சித்திரம்தான், தாளில் அச்சிட்டதும் சித்திரம்தான். அச்சு என்று தனியாகக் காட்ட வேண்டுமானால் 'மரக்கட்டை அச்சுத் தலச்சித்திரம்' எனலாம். கொஞ்சம் நீளம், ஆனாலும் தெளிவு. படத்தின் கீழே குறிப்பு எழுதுகிறவர்கள் ஊர்ப்பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.